பூனையைக் காணோம்

இந்த மாசம் எங்க ஊர் தலைப்புச் செய்தி: பூனையைக் காணோம்.

சிரிக்காதீங்க மக்களே, நிஜமாத்தான் சொல்றேன். ஊர் மடலோட முதல் பக்கத்துல, படத்தோட, கட்டம் கட்டிப் போட்டிருக்காங்க. கறுப்பும் மஞ்சளும் கலந்த பெண் பூனை. வயசு ஒன்பது. இடது காதுல சின்னக் கிழிசல். புது ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்கும். தயவுசெய்து எல்லாரும் அவங்கவங்க கார் ஷெட்டையும் தோட்டத்துக் கொட்டகையையும் ஒரு தடவை திறந்து பாருங்க.

அடுத்த பக்கம் திருப்பினா, சர்க்கரை பீட் அறுவடை ஆரம்பிச்சாச்சு, லாரியிலிருந்து விழுற சேறு ரோடு பூரா வழுக்குது, சர்ச் வளைவுல மெதுவாப் போங்க. (சர்க்கரை பீட்னா நம்ம பீட்ரூட்டுக்கு ஒண்ணுவிட்ட வெள்ளைக்கார அண்ணன். இங்க இதுலேர்ந்துதான் சர்க்கரை எடுக்கறாங்க.) அதுக்குக் கீழே, வியாழக்கிழமை ஊர்க் கூடத்துல சூப் சாப்பாடு, மூணு பவுண்ட், ரொட்டி இலவசம். அதுக்கும் கீழே நாய் வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்க நாய் போறதை அள்ளிப் பையில கட்டுறீங்க, ரொம்ப சந்தோஷம். அந்தப் பையைக் கொண்டுபோய் ஏன் வேலி முள்ளுல தொங்க விடுறீங்க?

கடைசிப் பக்கத்துல நூலக வேன் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எங்க நிக்கும்ங்கற விவரம். யாரோ ஒருத்தர் தோட்டத்துல ஆப்பிள் ரொம்பக் காய்ச்சுடுச்சாம், வாசல்ல கூடையில வச்சிருக்கேன், எடுத்துக்கோங்கன்னு ரெண்டு வரி.

அவ்ளோதான். இதுதான் ஒரு மாசச் செய்தி. உலகத்துல இவ்வளவு நடக்கும்போது இதெல்லாம் ஒரு செய்தியான்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். இந்த மாதிரி செய்தியைப் பார்த்துச் சிரிக்கறவங்களைப் பத்தி இப்போ எனக்கு ஒரு கருத்து இருக்கு. என்னையும் சேர்த்துத்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2016-ல நாங்க இந்தக் கிராமத்துக்கு வந்தோம். இங்கிலாந்துக்குக் கிழக்கே, வானம் பெருசாவும் மலை இல்லாமலும் இருக்கற பக்கம். ஊர் பேரு, கவுண்ட்டி பேரெல்லாம் வேண்டாம், கீழே சொல்லப்போற சிலது யாரையாவது குத்தும். ஒரு சர்ச், ஒரு பப், ஒரு ஊர்க் கூடம், ஒரு சிவப்பு டெலிபோன் பெட்டி. மளிகைக் கடை எப்பவோ மூடி வீடாயிடுச்சு. அந்த வீட்டுக்கு இப்பவும் 'பழைய கடை'ன்னுதான் பேர். அதே மாதிரி 'பழைய தபால் ஆபீஸ்', 'பழைய பள்ளிக்கூடம்' எல்லாம் உண்டு. இங்கிலாந்து கிராமத்துல வீட்டு வாசல் பேர்ப்பலகையை வரிசையா படிச்சீங்கன்னா, அந்த ஊர் எதையெல்லாம் இழந்துச்சுன்னு ஒரு பட்டியலே கிடைச்சிடும்.

நாங்க வந்த காரணம் ரொம்பச் சாதாரணம். வேலை பார்க்கற நகரத்துல வீட்டு விலை கட்டுப்படியாகலை. காலையில காரை எடுத்தா ஆபீஸ், சாயங்காலம் காரை எடுத்தா வீடு. ஊர்ல தூங்கறோம், அவ்வளவுதான். மாசாமாசம் ஒரு தாத்தா வந்து கதவுல இருக்கற தபால் துவாரம் வழியா அந்த ஊர் மடலைத் தள்ளிட்டுப் போவார். எண்பது தாண்டினவர். (இங்க எவ்வளவு பெரியவங்களானாலும் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு இன்னிக்கும் அது வாயில வரமாட்டேங்குது. மனசுக்குள்ள அவர் தாத்தாதான்.) மழையோ பனியோ, மாசத்தோட முதல் சனிக்கிழமை கதவுல 'டப்'னு சத்தம் கேட்கும்.

நான் அதை எடுத்து, நின்ன வாக்குல ஒரு பக்கம் படிச்சு, தங்கமணிகிட்ட உரக்க வாசிச்சுக் காட்டி, ரெண்டு பேரும் சிரிச்சுட்டு, மறுசுழற்சித் தொட்டியில போட்டுடுவேன். நண்பர்கள் வந்தா அதுவே ஒரு நல்ல காமெடி ஐட்டம். "எங்க ஊர்ப் பரபரப்புச் செய்தி கேளுங்க, பூசணிக்காய்ப் போட்டியில தகராறு!"

ஒரு பழைய குற்றத்தையும் சேர்த்து ஒத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை அம்மா போன்ல பேசும்போதும் நான் இதே ஆள்தான். யார் வீட்டு மாடு கன்னு போட்டுச்சு, யாருக்குக் கால்ல கட்டு, எந்தத் தெருவுல குழாய் உடைஞ்சு மூணு நாளாச்சு... நான் "ம்... ம்..."னு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே கேட்பேன். செய்தின்னா டெல்லி, லண்டன், வாஷிங்டன்ல நடக்கணும். மத்ததெல்லாம் வம்பு. இதுதான் என் இலக்கணம்.

நிற்க. இப்போ பஸ் கதைக்கு வருவோம்.

எங்க ஊருக்கு ஒரு பஸ் இருந்தது. பக்கத்துச் சந்தை நகரத்துக்குப் போகும். ஒரு காலத்துல தினமும் பல நடை, நாங்க வந்தப்போ அது தேய்ஞ்சு வாரத்துக்கு மூணு நாள் ஆகியிருந்தது. நான் ஒருநாள் கூட ஏறினதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு வியாழனும் ஏறுவாங்க. தனியா இருந்தாங்க, கார் ஓட்டறதை நிறுத்திட்டாங்க. வியாழக்கிழமை காலையில நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு, தள்ளுப் பையை இழுத்துக்கிட்டு ஸ்டாப்புல நிப்பாங்க. நகரத்துல முடி அலங்காரம், மருந்துக்கடை, கொஞ்சம் காய்கறி, ஒரு சிநேகிதியோட டீ. மத்தியான பஸ்ஸுல திரும்பி வருவாங்க. அந்த ஒரு நாளைச் சுத்தித்தான் அவங்க வாரமே இருந்தது.

2019-ல அந்த பஸ் நின்னு போச்சு.

இந்த ஊர்ல பஸ் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இல்லேன்னா கதை புரியாது. 1985-ல வந்த போக்குவரத்துச் சட்டப்படி, 1986 அக்டோபர்லேர்ந்து லண்டனுக்கு வெளியே பஸ் ஓட்டறது பெரும்பாலும் தனியார் கம்பெனிகளோட வியாபார முடிவு. லாபம் வர்ற பாதையில ஓட்டுவாங்க. லாபம் வராத பாதையில ஓட்டணும்னா கவுண்ட்டி கவுன்சில் மானியம் கொடுக்கணும். கவுன்சிலுக்குப் பணத் தட்டுப்பாடு வந்தா, சட்டப்படி கட்டாயம் செய்தே ஆகவேண்டிய செலவுகளை வெட்ட முடியாது. கிராமத்து பஸ் மானியத்தை வெட்ட முடியும். அதனால கத்தி முதல்ல அங்கதான் விழும்.

இதுல இன்னொரு கூத்து. 2008 ஏப்ரல்லேர்ந்து இங்கிலாந்து முழுக்க, ஓய்வூதிய வயசை எட்டினவங்களுக்கு நெரிசல் நேரம் போக உள்ளூர் பஸ்ஸுல இலவசம். பாட்டிகிட்ட படம் ஒட்டின பாஸ் பத்திரமா இருந்தது. பாஸ் இருக்கு, ஏர்றதுக்கு பஸ்தான் இல்லை.

பஸ் நின்ன வாரம், பாட்டியை வேலிகிட்ட பார்த்தப்போ எனக்குப் பொத்துக்கிட்டு வந்தது. "அதெப்படி யாரையும் கேட்காம நிறுத்தலாம்? அநியாயம் இல்லையா?"ன்னு ஒரே வீரவசனம்.

பாட்டி நிதானமா சொன்னாங்க. "கேட்டாங்களே. ஊர் மடல்ல போட்டிருந்ததே, கருத்து எழுதி அனுப்புங்கன்னு. மூணு மாசம் வந்தது. நான் ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நீ அனுப்பினியா?"

என்னத்தைச் சொல்றது? மூணு மாசமும் அந்த அறிவிப்பு என் கைக்கு வந்திருக்கு. மூணு மாசமும் நான் பூசணிக்காய்ச் செய்தியைப் படிச்சுச் சிரிச்சுட்டு அதைத் தொட்டியில போட்டிருக்கேன். அப்புறமா விசாரிச்சதுல, எங்க ஊர்லேர்ந்து போன பதிலை விரல் விட்டு எண்ணிடலாமாம். "பொதுமக்களிடமிருந்து பெரிய அளவில் எதிர்ப்பு வரவில்லை"ன்னு எழுதிக் கோப்பை மூடிட்டாங்க. அந்த 'வராத எதிர்ப்பு'ல ஒண்ணு என்னோடது.

நான் எழுதியிருந்தா பஸ் நின்னிருக்காதா? தெரியாது. அனேகமா நின்னுதான் இருக்கும், பணம் இல்லைன்னா இல்லைதான். ஆனா எழுதாம இருந்துட்டு அநியாயம்னு கத்தற உரிமை எனக்கு இல்லைங்கறது மட்டும் தெரியும்.

பாட்டி ரெண்டு வருஷம் சமாளிச்சாங்க. அவங்களும் இவங்களும் காருல கூட்டிட்டுப் போனாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒருத்தர்கிட்ட கேட்கணும்ங்கறது அவங்களுக்குப் பிடிக்கலை. 2021-ல மகன் இருக்கற நகரத்துக்குப் போயிட்டாங்க. அந்த வீட்டை வாங்கினவங்க மாசத்துல ரெண்டு வாரக்கடைசிக்கு வருவாங்க. மத்த நாள்ல ஜன்னல்ல விளக்கு எரியாது. பஸ் போனதுல ஊருக்கு ஆன நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்துல எழுதுவீங்க?

இதுக்கப்புறம்தான் நான் அந்த மடலை ஒழுங்காப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு பிடிபட்டது. 'சின்னச் செய்தி'ன்னு நாம ஒதுக்கறதுல பாதி, இன்னும் முடிவாகாத விஷயம். பெரிய செய்தி நம்மகிட்ட வரும்போது எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். நாம பார்க்கலாம், புலம்பலாம், அவ்வளவுதான். சின்னச் செய்தி அப்படி இல்லை. பூனையைத் தேடலாம். சேத்துல மெதுவாப் போகலாம். கருத்து எழுதலாம். ஒவ்வொரு வரியும் நம்மகிட்ட ஏதோ ஒரு வேலை சொல்லுது. நாம அதைப் பார்த்துச் சிரிக்கறதுக்கு ஒரு காரணம், அந்த வேலையிலேர்ந்து தப்பிக்கறதுக்காகக்கூட இருக்கலாம்.

இந்த மாதிரி மடல் ஒண்ணும் நேத்து முளைச்சதில்லை. 1859-லயே டார்பியில ஜான் எர்ஸ்கின் கிளார்க்னு ஒரு பாதிரியார், அச்சடிச்ச பாரிஷ் பத்திரிகையை ஆரம்பிச்சார். நடுவுல எல்லா ஊருக்கும் பொதுவான கதை கட்டுரை, அதைச் சுத்தி அந்தந்த ஊர்ச் செய்தியைச் சேர்த்துக்கலாம்ங்கற ஏற்பாடு. அது நாடு முழுக்கப் பரவிச்சு. இன்னிக்கு மாவட்ட அளவுல வர்ற உள்ளூர்ப் பத்திரிகைகள் கதி உங்களுக்கே தெரியும். 2005-க்கும் 2020-க்கும் நடுவுல மட்டும் பிரிட்டன்ல 200-க்கு மேல மூடியாச்சு. பல கிராமங்களைப் பத்தி எழுத இப்போ நிருபர்னு ஒருத்தர் கிடையாது. மிச்சம் இருக்கறது அந்தத் தாத்தா கொண்டுவர்ற, ரெண்டு பின் அடிச்ச எட்டு பக்கம்தான்.

அடுத்தது அறிவிப்புப் பலகை. பஸ் ஸ்டாப் பக்கத்துல கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே ஈரம் பூத்து, ஓரத்துல சிலந்தி கூடு கட்டி ஒரு பலகை இருக்கும், எல்லா இங்கிலாந்துக் கிராமத்துலயும் பார்க்கலாம். அலங்காரத்துக்கு வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். இல்லை. பாரிஷ் கவுன்சில் கூட்டம் நடத்தணும்னா, மூணு முழு நாளுக்கு முன்னாடியே ஊர்ல எல்லார் கண்ணுலயும் படற இடத்துல அறிவிப்பு ஒட்டணும்னு 1972 சட்டம் சொல்லுது. அதை ஒட்டறதுக்குத்தான் அந்தப் பலகை.

பாரிஷ் கவுன்சில்னா கிட்டத்தட்ட நம்மூர் கிராம ஊராட்சி மாதிரி. சர்ச் எல்லைதான் ஊர் எல்லைன்னு இருந்த காலத்துப் பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு, ஆனா இது சர்ச் அமைப்பு கிடையாது. 1894-ல வந்த சட்டம் ஊர் நிர்வாகத்தைச் சர்ச்சுலேர்ந்து பிரிச்சு, தேர்தல் வச்சுது. அந்தத் தேர்தல்ல கல்யாணமான பெண்களும் ஆகாத பெண்களும் ஓட்டுப் போடலாம், நிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தல்ல பெண்களுக்கு ஓட்டு வர்றதுக்கு 24 வருஷம் முன்னாடி! இன்னிக்கு டவுன் கவுன்சிலையும் சேர்த்தா இங்கிலாந்துல இப்படி சுமார் 10,000 இருக்கு. அதிகாரம் ரொம்பக் கம்மி. விளையாட்டு மைதானம், இடுகாடு, பஸ் நிழற்குடை, சில தெருவிளக்கு, காய்கறி போட வாடகைக்கு விடற தோட்டத் துண்டு நிலம். ரோடும் பள்ளிக்கூடமும் இதுக்கு மேல இருக்கற கவுன்சில் கையில. ஆனா கட்டட அனுமதி மாதிரி விஷயத்துல, மேல இருக்கறவங்க இவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாகணும்.

அதோட, வருஷத்துக்கு ஒரு தடவை, மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவுல ஊர்க் கூட்டம் கூட்டியாகணும். கவுன்சிலர்கள் மட்டும் கூடற கூட்டம் இல்லை, ஊர்ல ஓட்டு இருக்கற யார் வேணா வந்து பேசலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. வேலைக்குப் போறவன் வீட்டுக்கு வந்து கை கழுவிட்டு வரட்டும்னு யாரோ புண்ணியவான் யோசிச்சிருக்கான். எனக்காக யோசிச்சிருக்கான்னுதான் தோணுச்சு. அப்படியும் நான் போகலையே!

சரி, எதிர்க் கட்சி வாதத்தையும் பார்த்துடுவோம். "அட போய்யா, இந்தக் கிராமத்து கவுன்சில் லட்சணம்தான் உலகத்துக்கே தெரியுமே"ன்னு உங்கள்ல சிலர் சொல்வீங்க. தெரியும் தெரியும். செஷயர்ல ஹாண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் 2020 டிசம்பர்ல ஜூம்ல நடத்தின கூட்டம், 2021 பிப்ரவரியில உலகம் பூரா ஓடிச்சு. கூட்டத்தை நடத்திக்கொடுக்க வந்த ஜாக்கி வீவர் அம்மா, கத்தின தலைவரையே பட்டுனு வெளியே தள்ளினாங்களே, அதேதான். நானும் நாலு தடவை பார்த்தேன். சிரிச்சேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்தக் கூத்து அத்தனை வருஷமும் யார் கண்ணுலயும் படாம எப்படி நடந்திருக்கும்? பார்க்க யாரும் போகாததாலதானே? காலி நாற்காலி முன்னாடி உட்கார்ந்து பேசறவங்களுக்கு, கேட்க யாருமில்லைங்கற தைரியம் தானா வந்துடும்.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. இதையெல்லாம் நடத்தறது யாரு? பெரும்பாலும் ஓய்வு பெற்ற, சொந்த வீடு இருக்கற, நேரம் இருக்கற ஆட்கள். எங்க ஊர்லயும் அப்படித்தான். ஊர்க் கூடக் கமிட்டியில பார்க்கற அதே ஆறு முகத்தைத்தான் சர்ச் கமிட்டியிலும் கோடைத் திருவிழா கமிட்டியிலும் பார்க்கலாம். பல ஊர்ல தேர்தலே நடக்கறதில்லை, இருக்கற இடத்துக்கு ஆள் வந்தா போதும்னு நியமனம் பண்ணிக்கறாங்க. அவங்களுக்குப் பிடிச்ச ஊர், அவங்களுக்குப் பிடிச்ச மாதிரியே உறைஞ்சு நிக்கணும்னு ஆசைப்படுவாங்க.

இதை நான் நேர்லயே பார்த்தேன். ஊர் ஓரத்துல எட்டு வீடு கட்ட விண்ணப்பம் வந்தது. கூட்டத்துல பேசின அத்தனை பேரும் எதிர்ப்பு. டிராஃபிக் கூடும், அழகு கெடும், சாக்கடை தாங்காது. சாக்கடை விஷயம் நியாயம்தான். ஆனா இளம் குடும்பங்களுக்கு இந்த ஊர்ல வாங்கற விலையில வீடே கிடையாது. பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில பிள்ளைங்க எண்ணிக்கை வருஷா வருஷம் குறையுது. குழந்தை வேண்டாம்னுட்டுப் பள்ளிக்கூடம் மட்டும் வேணும்னா எப்படி? கை நடுங்க எழுந்து இதைச் சொன்னேன். என் இங்கிலீஷ் அன்னிக்குப் பார்த்து ரெண்டு இடத்துல சிக்கிச்சு. ஒருத்தர் கை தட்டினார். ஒருத்தர் முறைச்சார். மத்தவங்க டீ குடிச்சாங்க. கவுன்சில் எதிர்ப்புன்னுதான் எழுதி அனுப்பிச்சு. ஆனா "ஒருவர் ஆதரித்துப் பேசினார்"னு கூட்டக் குறிப்புல ஒரு வரி இருக்கு. அந்த வரி நான் போகாட்டி இருந்திருக்காது.

ஆக, கிராமத்து வாழ்க்கை சொர்க்கம்னு நான் சொல்ல வரலை. ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னு உங்க வீட்டுக்கு வந்த பார்சலை எண்ணுற ஆளும் இங்க உண்டு. ஆனா அந்தக் குறையெல்லாம் நாம ஒதுங்கி நின்னா குறையாது. 'அதே ஆறு பேர்'னு குறை சொல்ற நாம, ஏழாவது ஆளாப் போய் உட்கார ஏன் யோசிக்கறோம்?

ஆள் போனா என்ன நடக்கும்ங்கறதுக்கும் உதாரணம் இருக்கு. கம்ப்ரியாவுல ஹெஸ்கெட் நியூமார்கெட்னு ஒரு குட்டி ஊர். அங்க இருந்த 'ஓல்ட் கிரவுன்' பப் கைமாற வேண்டி வந்தப்போ, 2003-ல நூத்துக்கு மேற்பட்டவங்க கூட்டுறவா சேர்ந்து அதை வாங்கினாங்க. பிரிட்டன்ல கூட்டுறவு முறையில ஊர்க்காரங்க வாங்கின முதல் பப் அதுதான்னு சொல்வாங்க. 2011-ல வந்த உள்ளாட்சிச் சட்டம், ஊருக்கு முக்கியமான கடை, பப் மாதிரி இடங்களைப் பட்டியல்ல சேர்த்து, விற்பனைக்கு வந்தா ஊர்க்காரங்க பணம் திரட்டறதுக்காக ஆறு மாசம் நிறுத்தி வைக்க வழி செஞ்சது. இன்னிக்கு ஊர்க்காரங்களே பங்கு போட்டு நடத்தற கடை மட்டும் சுமார் 400.

டெலிபோன் பெட்டி கதை இன்னும் அழகு. செல்போன் வந்ததும் சிவப்புப் பெட்டிகளுக்கு வேலை போச்சு. 2008-லேர்ந்து பிரிட்டிஷ் டெலிகாம் அதை ஒரு பவுண்டுக்கு ஊர்களுக்கே கொடுக்க ஆரம்பிச்சது. சாமர்செட்ல வெஸ்ட்பரி-சப்-மெண்டிப்ங்கற ஊருக்கு நூலக வேன் வர்றது நின்னு போனதும், 2009-ல அந்தப் பெட்டிக்குள்ள தட்டு அடிச்சுப் புத்தகம் வச்சாங்க. ஒண்ணு எடுத்தா ஒண்ணு வை. இப்போ நாடு முழுக்க இந்தப் பெட்டிகள்ல ஒண்ணு புத்தகம் இருக்கும், இல்லேன்னா நின்னுபோற இதயத்துக்கு ஷாக் கொடுக்கற கருவி இருக்கும். எங்க ஊர்ப் பெட்டியில ரெண்டாவது. ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆகும்னு தெரிஞ்சவங்களுக்கு அதோட அருமை புரியும். அதை எப்படி உபயோகிக்கணும்னு பயிற்சி நடக்குதுன்னு எதுல அறிவிப்பு வந்தது? அதே மடல்ல, நாய்ப் பை சமாச்சாரத்துக்குக் கீழே.

2020 மார்ச்ல ஊரடங்கு வந்ததும் மடலை அச்சடிக்க முடியலை. தாத்தா வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. ஆனா ஒரே வாரத்துல ஒவ்வொரு கதவுலயும் ஒத்தைத் தாள் வந்து விழுந்தது. மருந்து வாங்கித் தர, மளிகை வாங்கித் தர, சும்மா பேசணும்னா பேச... ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரும் போன் நம்பரும். எங்க வீட்டுல எல்லாரும் காய்ச்சல்ல கிடந்தப்போ வாசப்படியில பாலும் ரொட்டியும் முட்டையும் இருந்தது. யார் வச்சாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டை ஒரே வாரத்துல புதுசா யாரும் கண்டுபிடிக்க முடியாது. பூசணிக்காய்ப் போட்டி, சூப் சாப்பாடுன்னு வருஷக்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சு வச்சிருந்ததாலதான் முடிஞ்சது. எந்த வீட்டுல யார் தனியா இருக்காங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வம்பு பேசறவங்களுக்குத் தெரியும்.

கடைசியா, இங்கிலாந்துல இருக்கற நம்ம மக்களுக்கு ஒண்ணு. நம்மள்ல பலர் வீட்டு விலைக்குப் பயந்தோ, ஆஸ்பத்திரி வேலைக்கோ இப்படிச் சின்ன ஊர்களுக்கு வந்துக்கிட்டிருக்கோம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருந்தாலும் காமன்வெல்த் குடிமக்கள்ங்கற முறையில, முறைப்படி விசா இருந்தா, இங்க நமக்கு ஓட்டு உண்டு. பலபேருக்கு இது தெரியறதே இல்லை! முதல்ல வாக்காளர் பட்டியல்ல பேரைச் சேருங்க. தகுதி இருந்தா பாரிஷ் கவுன்சிலுக்கு நிக்கக்கூடச் செய்யலாம். "நமக்கெதுக்கு வெள்ளைக்காரன் ஊர் வம்பு"ன்னு ஒதுங்கினா, பத்து வருஷம் கழிச்சும் நாம அந்த ஊர்ல 'புதுசா வந்தவங்க'தான். நிக்க வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கூட்டத்துக்காவது போங்க. அதுவும் வேண்டாமா, கதவுல வந்து விழுற தாளைத் தொட்டியில போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாப் படிங்க.

நான் இப்போ பதினைஞ்சு நாளைக்கு ஒரு வியாழக்கிழமை லீவு போட்டு, ஊர் கார் உதவித் திட்டத்துல வண்டி ஓட்டறேன். பெட்ரோல் காசு கொடுத்துடுவாங்க. நல்ல கோட்டு போட்டுக்கிட்டு, தள்ளுப் பையோட ரெண்டு பாட்டிங்களும் ஒரு தாத்தாவும் வருவாங்க. பஸ்ஸுக்கு இது ஈடாகாது. பஸ்ஸுல ஏற யாரையும் கேட்க வேண்டாம், என் காருல ஏற முந்தின நாள் போன் பண்ணணும். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். பெருமையா சொல்லிக்க இதுல ஒண்ணுமில்லை. எழுதாம விட்ட ஒரு கடிதத்துக்கு வட்டி கட்டிக்கிட்டிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை அம்மா போன்ல, தெருக்குழாய் சரியாயிடுச்சுன்னு சொன்னாங்க. "யார் போய்ச் சொன்னாங்க?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் அரை மணி நேரம் சொன்னாங்க.

பி.கு: பூனை கிடைச்சிடுச்சு! மூணு வீடு தள்ளி, ஒரு விறகுக் கொட்டகையில. மடலைப் படிச்சுட்டு ஒருத்தர் திறந்து பார்த்திருக்கார். நானும் எங்க கொட்டகையைத் திறந்து பார்த்தேன், போன வருஷம் தொலைஞ்ச என் மண்வெட்டிதான் கிடைச்சது.